பச்சை ஏறிய தண்ணீர்

2012 அக்டோபரில் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு சிறு கண்ணாடிக் குழாயைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்தில் மின்சாரம் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் சில நாட்களில் பதினான்கு மணி நேரமும் இல்லாமல் இருந்த காலம் அது. அந்த வருடத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் கடைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். என் வீட்டில் கூடுதலாக ஒரு கவலை இருந்தது: நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி. நிறைத்தால் 250 லிட்டர், கற்கள் போக 200 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

அன்று மாலை இன்வெர்ட்டர் பேட்டரி படுத்துவிட்டது. ஒன்பது மணிக்கு வந்து பார்க்கும்போது இரண்டு கோமாளி மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் வேகவேகமாக அடித்தது. ஒரு நத்தை கல்லிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தது. எடுத்து முகர்ந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

குழாயில் 5 மில்லி தண்ணீர். முதல் புட்டியிலிருந்து எட்டுச் சொட்டு, இரண்டாவதிலிருந்து எட்டுச் சொட்டு, பிறகு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. மூன்றாவது நிமிடத்திலேயே குழாய் வேப்பிலை நிறத்துக்கு வந்துவிட்டது. அட்டையில் 2 என்ற கட்டத்துக்கும் 4 என்ற கட்டத்துக்கும் நடுவில் எங்கோ. டார்ச் வெளிச்சத்தில் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை, சொல்லவும் தேவையில்லை.

அந்தப் பச்சைக்கே ஒரு வரலாறு உண்டு. யூலியஸ் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் 1856-இல் பாதரசக் கூட்டுப்பொருள் ஒன்றைக் கொண்டு தண்ணீரில் அம்மோனியாவைக் கண்டுபிடிக்க வழிசெய்தார். மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போகும் நிறம் அது. மூன்று வருடம் கழித்து பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்லோ, ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் அம்மோனியாவோடு சேர்ந்தால் நீலம் வரும் என்று கண்டார். இன்று மீன்தொட்டிக்காரர்கள் வாங்கும் இரட்டைப் புட்டி பெர்த்லோவின் பேரப்பிள்ளைதான். உள்ளே பிறப்பது நீலம், மருந்தின் மஞ்சளோடு கலந்து கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது.

மண்டபத்தில் ஒரு மாமாவுக்குப் போன் போட்டேன். ரத்த உறவில்லை, அம்மாவின் ஊர்க்காரர். கடலுயிர் ஆய்வுக்கூடம் ஒன்றில் தொட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பும் வேலையில் சேர்ந்து, அதே வேலையில் ஓய்வு பெற்றவர். ஆய்வாளர்களுக்கு மீன் தெரியும் என்றால் இவருக்குத் தண்ணீர் தெரியும். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர் முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஸ்பாஞ்ச எதுல கழுவுன மாப்ள?”

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஃபில்டரைக் கழற்றி, ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் வெளிக்குழாயில் பிடித்து, ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் கழுவி வைத்திருந்தேன். காவிரிக் கூட்டுக் குடிநீர், அதாவது குளோரின் போட்ட தண்ணீர்.

“நல்லா வெள்ளையா கழுவிட்டியா?”

“ஆமா மாமா.”

“அப்ப கரண்டு மேல பழியப் போடாத. விடியக்காலம் கேன் எடுத்துக்கிட்டு வா. அதுவரைக்கும் எரை போடாத, செத்தத எல்லாம் எடுத்துரு, காத்தடி. வேற ஒண்ணும் பண்ணாத.”

சைக்கிள் பம்பின் வாயில் காற்றுக்குழாயைச் செருகி இரண்டு மணிவரை அடித்தேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

நான் கழுவி ஊற்றியது அழுக்கை இல்லை. அதைப் புரிந்துகொள்ள இரண்டு பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருவருக்கும் பெயர் ராபர்ட் வாரிங்டன். தகப்பனும் மகனும்.

தகப்பன் லண்டனில் வேதியியலாளர். 1849-இல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனும் வேலம்பாசி போன்ற ஒரு நீர்ச்செடியும் விட்டு, தண்ணீரை மாற்றாமல் எத்தனை நாள் ஓடும் என்று பார்த்தார். செடி பிராணவாயு தரும், மீன் கரிவாயு தரும், கணக்கு நேராகிவிடும் என்பது அவர் எண்ணம். ஆகவில்லை. இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார், அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1850-இல் இதை லண்டன் வேதியியல் கழகத்துக்கு எழுதினார். ‘சமநிலைத் தொட்டி’ என்ற கருத்து அங்கிருந்துதான் கிளம்பியது. 1853-இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கு மீன்வீடு திறந்தார்கள். அதற்கு உயிர்களைச் சேர்த்துக்கொடுத்த பிலிப் ஹென்றி காஸ் அடுத்த வருடம் எழுதிய புத்தகத்தால் ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்துக்கே தொட்டிப் பைத்தியம் பிடித்தது. கூடையோடு கடற்கரைக்குப் போய் பாறைக்குழிகளைச் சுரண்டி எடுத்தார்கள். அந்தக் குழிகள் பிறகு பழையபடி ஆகவே இல்லை என்று காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வருத்தத்தோடு எழுதினார்.

தகப்பன் வாரிங்டனின் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தது. மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக விடுகிறது. மிச்ச இரையும் செத்த நத்தையும் அழுகி அதோடு சேர்கின்றன. அது எங்கே போகிறது? அவர் 1867-இல் இறந்தபோது பதில் கிடைத்திருக்கவில்லை. பத்து வருடம் கழித்து, பாரிஸ் நகரின் சாக்கடைத் தண்ணீரை வைத்து ஷ்லோசிங், ம்யூண்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு நீளக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, மேலே சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை, மேலே போன அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதற்குப் பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்து, மெல்ல மெல்ல அம்மோனியா முழுக்க மறைந்தது. குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் விட்டதும் வேலை நின்றுபோனது. கொஞ்சம் தோட்டமண்ணைக் கரைத்து ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. செத்துப்போகிற ஏதோ ஒன்று, அதாவது உயிருள்ள ஏதோ ஒன்று, உள்ளே வேலை செய்கிறது என்று 1877-இல் எழுதினார்கள்.

புதுத் தொட்டி போடுகிறவர்களை மூன்று நான்கு வாரம் மீன் விடாமல் காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். 1877-இன் அந்த இருபது நாளைத்தான் நாமும் காத்திருக்கிறோம். நான் குளோரோஃபார்முக்குப் பதிலாகக் காவிரித் தண்ணீரைப் பயன்படுத்தியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மகன் வாரிங்டன் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் இதே கேள்வியைக் கையில் எடுத்தார். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது, அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது இன்னொரு கூட்டம் என்பதுவரை வந்தார். அந்த உயிரைத் தனியாகப் பிரித்தெடுக்க மட்டும் முடியவில்லை. அதை 1890-இல் ஜூரிக்கில் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி செய்தார். தகப்பன் தொட்டியை உண்டாக்க, அது ஏன் ஓடுகிறது என்பதில் பாதியை மகன் கண்டார். ஆனால் மகன் ஆராய்ந்தது வயலைத்தான். நம் ஊரில் மாட்டுத்தொழுவத்து மண்சுவரில் பூக்கும் வெடியுப்பைச் சுரண்டி விற்றவர்களுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது, ஆனால் அவர்கள் அறுவடை செய்ததும் இதே கிருமிகளின் விளைச்சலைத்தான்.

விடியற்காலை தெருமுனை டாடா ஏஸ்காரரை எழுப்பி, ஆறு கேன்களோடு மண்டபம் கிளம்பினேன். அங்கே இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். வாடைக்காற்று எழும் மாதங்களில் பெண் கடல் பொங்கிக் கலங்கும், ஆண் கடல் குளம்போலக் கிடக்கும். கச்சான் காலத்தில் தலைகீழ். “இப்ப வடக்க எடுத்தா சேறுதான் வரும், தெக்க வா” என்று மாமா இழுத்துக்கொண்டு போனார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கேனை முழங்கை ஆழத்துக்கு அமுக்கி நிரப்பினார். மேல்தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருக்குமாம்.

மண்டபம் கேம்ப் என்ற பெயரில் இருக்கும் கேம்ப், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தமிழர்களை நோய்த்தடுப்புக்காகச் சில நாட்கள் அடைத்துவைத்த முகாம். புதுமீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே பெருந்தொட்டியில் விட வேண்டும் என்று மீன்காரர்கள் சொல்லும் ‘குவாரன்டீன்’ என்ற சொல், இந்த ஊரில் முதலில் மனிதர்கள்மேல்தான் பிரயோகமானது. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சென்னையிலிருந்து 1949-இல் இந்த ஊருக்கு வந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியாவின் கடல்மீன் ஆராய்ச்சிக்குத் தலைநகர் இதுதான்.

அறிவியல் இந்தக் கரைக்கு அதற்கும் முன்பே வந்திருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றி 1890-இல் நூல் வெளியிட்டார். சாதிகளைப் பற்றிய பெருந்தொகுப்புக்காக நாம் அறிந்த அதே தர்ஸ்டன். சென்னை மெரினாவில் 1909-இல் திறந்த மீன்காட்சியகம் அவர் முயற்சியில் உருவானது, உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி அந்த அருங்காட்சியகமே 1927-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது.

1969 ஜனவரியில் மண்டபம் கேம்பில் பவளப்பாறைகள் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. உலகப் பவளப்பாறை மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது அதுதான். இரண்டாவதை 1973-இல் ஆஸ்திரேலியாவில் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் சொகுசுக் கப்பலில் நடத்தினார்கள். முதலாவது நடந்தது நம் மண்டபத்தில்.

அதே வருடங்களில், அதே கடலில், என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, வள்ளத்தில் கல் எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். கல் என்றால் பவளம். கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, கரையில் இறக்குவார்கள். கொஞ்சம் வீடு கட்டப் போகும், மிச்சம் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும், பிற்பாடு தொழிற்சாலைகளுக்கும் போனது. அப்பத்தா சொல்வார்: “ஐயா வீட்டுக்கு வந்தா மேலு பூரா கல்லு கிழிச்ச கீறலா இருக்கும், உப்புத்தண்ணி பட்டுப் பட்டு ஆறவே ஆறாது.” தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். சுற்றிலும் அரணாக நின்ற பவளத்தைப் பெயர்த்தெடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். 1986-இல் தேசியப் பூங்கா வந்தது, 2001-இல் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு. ஐயா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் தொட்டியில் உயிருள்ள பவளம் கிடையாது, இருக்கவும் கூடாது. பவளமில்லாத பவளத்தொட்டி என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். உள்ளே கிடந்தவை ஐயா கட்டிய வீட்டின் பின்சுவர்க் கற்கள். வீட்டை இடித்தபோது வண்டியில் ஏறவிருந்த குவியலிலிருந்து பொறுக்கி, சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி, மாதக்கணக்கில் ஊறப்போட்டவை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பவளப்பூச்சி இருந்த குழி தெரியும். வீட்டில் மிச்சமிருந்ததே அவ்வளவுதான். தொட்டி நாறிப்போனால் மீன் போகும், அது வருத்தம். கல்லும் போய்விடும் என்ற பயம்தான் என்னை அன்றிரவு பம்பு அடிக்க வைத்தது என்று நினைக்கிறேன். கல் எங்கே போகும் என்று கேட்டால் பதில் இல்லை.

திரும்பும்போது மாமா ஒரு வாளியைக் கையில் கொடுத்தார். தெரிந்த பொரிப்பகத்திலிருந்து வாங்கிய பழைய ஸ்பாஞ்ச், பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று, கடல்தண்ணீரில் மிதந்தது. “மூடாத, காத்து போகட்டும். வெயில் படாம கொண்டு போ.” 1877-இல் கரைத்து ஊற்றிய தோட்டமண் இதுதான்.

தொட்டியில் 80 லிட்டரை வடித்துவிட்டுப் புதுத்தண்ணீர் விட்டேன். ஒரே மூச்சில் இல்லை, மூன்று தவணையாக. காரணம் உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கிறது. ஒன்று அவ்வளவு தீங்கில்லாதது, மற்றது செவுளை எரிப்பது. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரத்தன்மைதான் முடிவு செய்கிறது. நன்னீரில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ உருவில் இருக்காது. கடல்நீரின் 8.2-இல், நம்மூர் வெப்பத்தில், எட்டு ஒன்பது பங்கு ஆகிவிடும். தங்கமீன் தாங்கும் அளவைக் கடல்மீன் தாங்காததன் பாதிக் காரணம் இது. காற்றில்லாமல் கிடந்த தொட்டியில் கரிவாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், திடீரென்று ஏற்றினால் மிச்சமிருக்கும் அம்மோனியா விஷமாக மாறும். மாமா இதை இப்படிச் சொல்லவில்லை. “மெதுவா விடு, மீனு பயந்துரும்” என்றார்.

இறால் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஜியோலைட் போடு என்றார். அம்மோனியாவோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள், பேச்சைத் தட்ட மனமில்லை. போட்டுப் பார்த்தேன், பெரிதாகப் பயனில்லை. பிறகுதான் படித்தேன்: ஜியோலைட் சோடியத்தைக் கொடுத்து அம்மோனியத்தைப் பிடிக்கும் கல். கடல்நீரில் சோடியம்தான் கொட்டிக்கிடக்கிறதே, அம்மோனியத்துக்கு இடம் எங்கே கிடைக்கும்?

மூன்றாம் நாள் குழாய் இளம்பச்சைக்கு வந்தது. நான்காம் நாள் மறுபடி ஏறியது, ஒரு துறவி நண்டு கல்லிடுக்கில் செத்துக்கிடந்ததைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. மறுபடி மண்டபம், மறுபடி ஆறு கேன். எட்டாம் நாள் நைட்ரைட் எகிறியது, அது நல்ல சேதி, முதல் கூட்டம் வேலைக்குத் திரும்பிவிட்டது. பதினேழாம் நாள் குழாய் மஞ்சளாக நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம், மஞ்சள்தான். கோமாளி மீன்களில் பெரியது பிழைத்தது, சின்னது ஆறாம் நாளே போய்விட்டது. இறால்கள் ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்தக் கிருமிகளின் கதை அதோடு முடியவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. கடலில் அம்மோனியாவைத் தின்பது முக்கியமாக பாக்டீரியாக்கள்தான் என்று நூறு வருடத்துக்கும் மேலாக நினைத்திருந்தார்கள். 2005-இல் ஆர்க்கியா என்ற முற்றிலும் வேறான உயிர்க்குலத்தைச் சேர்ந்த ஒன்று அதே வேலையைச் செய்வதைக் கண்டு பிரித்தெடுத்தார்கள். உலகக் கடல்கள் முழுக்க அதன் உறவினர்கள் கோடானுகோடியாக இருக்கின்றன. முதன்முதலில் அகப்பட்ட இடம் ஆழ்கடல் இல்லை, அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்தில் வெப்பமண்டலக் கடல்மீன் தொட்டி ஒன்றின் சரளைக்கல். 1961-லேயே ஜகார்த்தாவின் லீ சின் எங் என்பவர், பெரிய ஃபில்டரெல்லாம் வேண்டாம், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையும் கொஞ்சம் காற்றும் போதும் என்று எழுதியிருந்தார். பாறையின் துளைகளுக்குள் குடியிருப்பவர்கள் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவருடைய முறை உலகெங்கும் பரவியபோது பாறைக்கும் விலை வந்தது, அதுவும் பெயர்க்கப்பட்டது.

2019 செப்டம்பரில் மாமாவிடமிருந்து போன். “கடலு பச்சையாக் கெடக்கு, வந்து பாரு.”

பாம்பன், குந்துகால் பக்கமெல்லாம் தண்ணீர் பச்சை. பூங்கோரை என்றார்கள். நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரி அளவின்றிப் பெருகியிருந்தது. அதன் பச்சை, உள்ளே குடியிருக்கும் இன்னொரு நுண்பாசியின் நிறம். அது தன் உடலுக்குள் அம்மோனியத்தைச் சேர்த்துவைத்து அதனால்தான் மிதக்கிறது, ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு அம்மோனியாக் குடம். செத்து அழுகும்போது குடங்கள் உடைகின்றன, தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவையும் அழுகல் குடித்துவிடுகிறது. 2008-இலும் இந்த வளைகுடாவில் இப்படி நடந்து மீன்களும் பவளங்களும் மடிந்திருந்தன. இம்முறை சிங்கில் தீவுப் பக்கம் பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதையும், கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா பவளங்கள் பெருமளவில் செத்ததையும் தூத்துக்குடி ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அவர்கள் கொலைப்பழியைப் பிராணவாயுக் குறைவின்மேல்தான் வைக்கிறார்கள், அம்மோனியாவின்மேல் இல்லை. என் தொட்டியிலும் அன்றிரவு இரண்டில் எது முந்தியது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நான் பையில் சோதனைப்புட்டிகளை எடுத்துப் போயிருந்தேன். கரையில் மீன்கள் ஒதுங்கிக் கிடந்தன, காகங்கள்கூட அவசரப்படவில்லை. குழாயை எடுத்துத் தண்ணீரில் அமுக்கப் போனேன்.

“எதுக்குடா அது?” என்றார் மாமா. “சொட்டு விடுறதுக்கு முன்னாடியே பச்சையாத்தான இருக்கு.”

வைத்துவிட்டேன். ஆறு காலி கேன்களும் வண்டியில் அப்படியே இருந்தன. அந்த வாரம் தண்ணீர் மாற்ற வேண்டிய வாரம். தெற்கே எடுக்க முடியாது, கச்சான் ஓய்ந்திருந்த நேரம் என்பதால் வடக்கே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். மாமா கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். பாலத்துக்கு அடியில் இரண்டு தண்ணீரும் கலந்துகொண்டுதானே இருக்கிறது.

மதுரையிலிருந்து செயற்கைக் கடலுப்பு ஒரு வாளி வாங்கிவரச் செய்தேன். கடலிலிருந்து சில மைல் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கடல் செய்தோம். மாமா விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு கை போடு என்றார். கருவி வைத்து அளந்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது.

ஐயாவின் கற்கள் தொட்டியில்தான் இருக்கின்றன. இரண்டு கல்லின் மேல்பக்கம் முழுக்க ஊதா நிறச் சுண்ணப்பாசி படர்ந்துவிட்டது. மூன்றாவதில் காரை ஒட்டியிருந்த இடத்தை மட்டும் அது இன்னும் தொடவில்லை.